கரியில் நினைவை வரையும்போது: வெயிலை எங்கே நிறுத்துவது, தடத்தை எங்கே விடுவது?

வெண்தாள்:

நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஓர் அறையைக் கரியில் வரைவது பற்றிக் கேட்கிறேன். எதிரில் மாதிரி இல்லை, புகைப்படமும் இல்லை. தாள் 50 × 65 செ.மீ. இடப்பக்கச் சுவரில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, அதே சுவரில் திறந்த கதவு. வலப்பக்கம் ஒரு மர நாற்காலி. தரையில் வெயில்.

மூன்று இடத்தில் வேலை சிக்குகிறது. முழுப் படமும் ஒரே சாம்பல் மூட்டமாகிவிடுகிறது. நாற்காலியின் நிழல் ஒரு பக்கமும் கதவின் நிழல் வேறு பக்கமும் போகின்றன. அழித்த இடம் திட்டுத்திட்டாக நிற்கிறது. அழித்ததன் தடம் தெரிய வேண்டும், ஆனால் அழுக்காகத் தெரியக் கூடாது.

இருப்பவை: நடுத்தரத் தடிமனில் வில்லோ கரி, கம்ப்ரெஸ்ட் சார்கோல், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) ஸ்கெட்ச் தாள், பிசைந்து உருமாற்றக்கூடிய மெத்தென்ற நீடட் ரப்பர். மங்கலாக்குவது விரலால்தான். எங்கிருந்து தொடங்குவது?

நிழலோரம்:

இரண்டாவது சிக்கலை முதலில் தீர்க்க வேண்டும். மூட்டத்துக்கும் பாதிக் காரணம் அதுதான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவாகாத படத்தில் கை தானாகவே தேய்க்கப் போகும். எந்த விளிம்பும் உறுதியில்லை என்பதால் எல்லா விளிம்பையும் கரைத்துவிடுகிறோம், பிறகு அதற்கு 'நினைவு' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

தாளைத் தொடும் முன் அறையின் தரைப்படம் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். மேலிருந்து பார்த்தால் சுவர், ஜன்னல், கதவு, நாற்காலி எங்கெங்கே இருக்கின்றன, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது போதும். வெயில் வரும் திசையை அதில் ஒரே ஒரு அம்பால் குறியுங்கள். ஜன்னலும் கதவும் ஒரே சுவரில் இருந்து, இரண்டிலும் வருவது ஒரே வெயில் என்றால், அறைக்குள் விழும் எல்லா நிழலும் ஒரே திசையில்தான் ஓடும். வேறு வழியே இல்லை.

வெயில் சரியாகப் பக்கவாட்டில் இருந்து, அதாவது உங்கள் தாளின் பரப்புக்கு இணையாக வருகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு மிக எளிது. செங்குத்தாக நிற்கும் பொருள்களின் நிழல் தரையில் தாளின் அடிவிளிம்புக்கு இணையாகப் படுக்கும். கதிர்களை எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் இழுக்கலாம். நாற்காலிக் கால் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து ஒரு படுக்கைக் கோடு, முதுகுச்சட்டத்தின் உச்சியிலிருந்து ஒரு சாய்கோடு. இரண்டும் வெட்டும் இடம் நிழலின் நுனி. வெயில் கொஞ்சம் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால் நிழல்கள் தொடுவானக் கோட்டில் ஒரே புள்ளியில் கூடும். அந்தப் புள்ளி தாளுக்கு வெளியே விழலாம். அதற்குப் பலகையில் ஒரு குண்டூசி குத்தி நூல் கட்டிக்கொள்ளுங்கள்.

நீளத்துக்கு: சூரியன் 45 பாகையில் இருந்தால் பொருளின் உயரமே நிழலின் நீளம். 30 பாகையில் சுமார் 1.7 மடங்கு, 60 பாகையில் 0.6 மடங்குக்குச் சற்றுக் கீழே. எந்த நேரத்து வெயில் என்பது நினைவில் இருந்தால் இதை ஏறத்தாழச் சரியாகப் போட்டுவிடலாம். நேரம் நினைவில்லாமல் 'நிழல் கதவிலிருந்து நாற்காலி வரை வந்தது' என்பது மட்டும் நினைவிருந்தால், அந்த நீளத்தை வைத்துச் சூரியனின் உயரத்தையும் அதிலிருந்து நேரத்தை ஓரளவும் கண்டுபிடிக்கலாம். நிழல் கட்டுமானத்தை நினைவுக்கான கருவி என்று நான் நினைப்பது இதனால்தான். ஒன்று தெரிந்தால் இன்னொன்றைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்து விளிம்பு. வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரைப் பாகை. ஆகவே நிழலைப் போடும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் இடையே ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் விளிம்பு ஏறத்தாழ 1 செ.மீ. மங்கும். ஜன்னல் கம்பி 1.2 செ.மீ. தடிமன் என்று கொள்வோம். சுமார் 1.3 மீட்டருக்கு அப்பால் அந்தக் கம்பியின் முழு நிழல் தீர்ந்துபோகும். அதன் பிறகு விழுவது வெளிறிய பட்டை மட்டுமே. ஜன்னலின் அடிச்சட்டம் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், 30 பாகை வெயிலில் கதிர் தரையைத் தொடுவதற்கு முன் 1.8 மீட்டர் கடந்திருக்கும். அப்படியானால் தரையில் கறுத்த கம்பி நிழல் விழவே விழாது. கரிப் படங்களில் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான்: சாய்ந்த வெயில், ஆனால் தரையில் கத்தியால் வெட்டியது போன்ற கம்பி வரிகள். அவற்றைப் பார்த்ததும் 'இது கற்பனை' என்று கண் சொல்லிவிடும். காரணம் தெரியாது, ஆனால் நம்பாது.

விளக்கு வெளிச்சம் என்றால் வேறு விதி. சிறிய சுடர் கூரான நிழலைத் தரும், ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். ட்யூப்லைட்டுக்கு இணையாக இருக்கும் கம்பியின் நிழல் கூராகவும், குறுக்கே இருப்பது மங்கலாகவும் விழும். எந்த வகை வெளிச்சம் என்பதே ஒரு காலத்தைச் சொல்லிவிடும்.

கரித்தூள்:

நிழலோரம் சொன்னது கட்டுமானம். நான் பொருளுக்கு வர்றேன். மூட்டத்துக்கு மீதிப் பாதிக் காரணம் உங்க விரல்தான்.

தோல்ல இருக்கிற எண்ணெய் தாள்ல இறங்கிடும். எண்ணெய் பட்ட இடத்துல கரி ஒரு மாதிரி பிடிக்கும், படாத இடத்துல வேற மாதிரி பிடிக்கும். அப்புறம் ரப்பர் வச்சாலும் அந்த இடம் முழுசா வெளுக்காது. உங்க மூணாவது கேள்வியில வர்ற திட்டுக்கும் இதுவே முதல் காரணம். விரலை நிறுத்துங்க. பெரிய பரப்புக்கு ஷமாய் தோல் (துடைக்கிற மென்மையான தோல்), நடுத்தர அளவுக்குப் பழைய பருத்தித் துணி, சின்ன இடத்துக்கு முரட்டு முடி வச்ச காய்ந்த தூரிகை. பேப்பர் ஸ்டம்ப், அதாவது இறுக்கிச் சுருட்டின காகிதக் குச்சி, கரியைத் தாளுக்குள்ள அழுத்தித் தள்ளும், அதனால கடைசி வேலைக்கு மட்டும் வச்சுக்கங்க.

ரெண்டாவது, கரி வகை. வில்லோ கரின்னா குச்சியைக் காத்துப் படாம சுட்டெடுத்தது, அவ்வளவுதான். பசை எதுவும் கிடையாது. தாள் மேல சும்மா உட்கார்ந்திருக்கும், தட்டினாலே பாதி உதிரும். கம்ப்ரெஸ்ட் சார்கோல்ல தூளோட பசை சேர்த்து அழுத்தியிருப்பாங்க. கறுப்பு ஆழமா வரும், ஆனா போட்ட இடத்தை விட்டுப் போகாது. நினைவுப் படத்துல பாதி வேலை அழிக்கிறதுதான்னா, கம்ப்ரெஸ்டைத் தொடக்கத்துல எடுக்கவே கூடாது. படத்தோட கடைசி பத்துல ஒரு பங்கு வேலைக்கு, மிக ஆழமான ரெண்டு மூணு இடத்துக்கு மட்டும் போதும். இன்னொண்ணு: கம்ப்ரெஸ்ட் போட்ட இடத்து மேல வில்லோ ஒட்டாது, வழுக்கும். வரிசையைத் திருப்ப முடியாது.

மூணாவது, தாள். 160 ஜிஎஸ்எம் ஸ்கெட்ச் தாள் ரெண்டு மூணு தடவை அழிக்கத் தாங்கும். அதுக்கு மேல நார் எழும்பிடும். நீங்க கேக்கிற மாதிரி அழிச்சு அழிச்சு வரையணும்னா பருத்தி நார் தாள், 250லிருந்து 300 ஜிஎஸ்எம், ஓரளவு சொரசொரப்பு உள்ளது. ரொம்ப வழவழப்பான தாள்ல வில்லோ நிக்காது. ரொம்ப முரடா இருந்தா குழிக்குள்ள வெள்ளைப் புள்ளி நின்னுட்டே இருக்கும், நிழல் மூடாது.

தரை டோன், அதாவது தாள்ல முதல்ல பரப்பற அடிச் சாம்பல், போடற முறை:

வில்லோ குச்சியைப் படுக்க வச்சு, அழுத்தாம, தாள் முழுக்க ஒரு திசையில இழுங்க. அடுத்து குறுக்கே. ஷமாய் தோலை உருண்டையா மடிச்சு வட்டமாத் தேய்க்காம, நீள நீளமா ரெண்டு திசையிலயும் துடைங்க. வட்டமாத் தேய்ச்சா வட்டம் வட்டமாவே தெரியும். 1 வெள்ளை, 9 முழுக் கறுப்புன்னு வச்சா தரை டோன் 4க்குப் பக்கத்துல நிக்கணும். 6க்குப் போயிட்டா மேல இருட்டு போட இடமே இருக்காது, அதான் மூட்டம். ஒரு துண்டுத் தாள்ல 9 கட்டம் போட்டு அளவுகோலாப் பக்கத்துல ஒட்டி வச்சுக்கங்க. கண் அரை மணி நேரத்துல பழகிடும், எல்லாமே சரியா இருக்கிற மாதிரி காட்டும்.

பலகையை நேரா, இல்ல மேல்பக்கம் கொஞ்சம் உங்க பக்கமாச் சாய்ச்சு வைங்க. தூள் தாள்ல படாம கீழே விழும். அடியில டேப்பை மடிச்சு ஒரு வாய்க்கால் மாதிரி ஒட்டினா தரை கெடாது. வாயால ஊதாதீங்க. எச்சில் தெறிச்சா புள்ளி, தூள் மூச்சுக்குள்ள. பலகையோட பின்னாடி தட்டினா போதும்.

மையிருள்:

ஒரு கேள்வியை இடையில் வைக்கிறேன். கண்ணை மூடினால் மனத்தில் படமே எழாதவர்கள் இருக்கிறார்கள். 2015இல் இந்த நிலைக்கு 'அஃபாண்டேசியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர்கள் நினைவிலிருந்து வரைய முடியுமா? 'கண்ணை மூடி அறையைப் பாருங்கள்' என்ற அறிவுரை அவர்களுக்கு எதற்கும் உதவாது.

மறுபடி:

முடியும். நிழலோரம் சொன்ன தரைப்பட முறை அவர்களுக்கு இன்னும் பொருந்தும். மனப்படம் எழாதவர்களுக்கும் கதவு எந்தப் பக்கம், எத்தனை எட்டு தூரம், ஜன்னல் கம்பி கைக்கு எட்டுமா என்பது தெரியும். இடத்தின் நினைவு வேறு, காட்சியின் நினைவு வேறு.

நினைவுப் பயிற்சியில் பெரிய பெயர் பிரெஞ்சு ஓவிய ஆசிரியர் ஒராஸ் லெகோக் த புவாபோத்ரான், 1802–1897. காட்சி நினைவை வளர்க்கும் தன் முறையை 1848இல் சிறு நூலாக வெளியிட்டார். சிற்பி ரோதான், ஓவியர்கள் ஃபாந்தேன்-லத்தூர், லெர்மீத் மூவரும் அவருடைய மாணவர்கள். லெர்மீத்தின் பெரிய கரிப் படங்களில் ஒளி எவ்வளவு கணக்காக விழுகிறது என்று பார்த்தால் அந்தப் பயிற்சி விளங்கும். எளியதில் தொடங்கிச் சிக்கலானதற்குப் போவதும், பார்த்ததைப் பிறகு மாதிரியில்லாமல் போடுவதும், திரும்ப ஒப்பிடுவதும்தான் அதன் சாரம். ஓவியர் விஸ்லர் இரவுக் காட்சிகளுக்கு வேறொன்று செய்தார்: காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்டதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் ஒப்பிப்பார். தப்பினால் திரும்பிப் பார்த்து மறுபடி ஒப்பிப்பார்.

இந்த ஒப்பித்தலைப் பழைய நினைவுக்கும் பயன்படுத்தலாம். வரையும் முன் சொற்களில் எழுதுங்கள். பொருள்களின் பட்டியலாக வேண்டாம், டோன்களின் பட்டியலாக எழுதுங்கள்: எது மிக வெளிச்சம், எது மிக இருட்டு, எதற்கும் எதற்கும் நடுவே எல்லை தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். 'தெரியும்', 'ஊகம்', 'தெரியாது'. நாற்காலியின் முதுகில் மூன்று சட்டம் என்பது தெரியும். ஜன்னல் கம்பி எட்டு என்பது ஊகம். பின்சுவரில் என்ன தொங்கியது என்பது தெரியாது.

இதில் நேர்மை தேவை, ஏனென்றால் நினைவு தானாகவே இட்டு நிரப்பும். உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று: ஆந்தையைக் குறிக்கும் பழைய எழுத்து வடிவத்தை ஒருவர் நினைவிலிருந்து வரைந்தார், அவர் வரைந்ததை அடுத்தவர், அதை அதற்கடுத்தவர். போகப்போக ஆந்தை பூனையாகிவிட்டது. அறிமுகமில்லாத வடிவம் அறிமுகமான வடிவத்தை நோக்கி நகர்கிறது. நினைவிலிருந்து போடும் நாற்காலியும் இப்படித்தான் ஏதோ ஒரு நாற்காலியாகிவிடும். ஒரு காலில் இருந்த வளைவு, சட்டத்தில் இருந்த விரிசல் என்று வழக்கத்துக்கு மாறான எதாவது ஒன்றை 'தெரியும்' பட்டியலில் வைத்திருந்தால், முதலில் அதைப் போட்டு மற்றதை அதிலிருந்து கட்டுங்கள்.

இன்னொரு சாய்வும் உண்டு. 1989இல் இன்ட்ராப், ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியது: நெருங்கி எடுத்த புகைப்படத்தைப் பார்த்தவர்கள் நினைவிலிருந்து வரையும்போது, படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்திருக்கக்கூடியதையும் சேர்த்து வரைகிறார்கள். நினைவு சட்டத்தை அகட்டிக்கொள்கிறது. அறைப் படங்கள் பல வெறுமையாக, பொருள்கள் சுருங்கித் தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அட்டையில் இரண்டு 'ட' வடிவத் துண்டுகள் வெட்டி, முதலில் போட்டுப் பார்க்கும் 6 × 8 செ.மீ. சிறுபடத்தின் மேல் வைத்து உள்ளே நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் இன்னும் நெருங்க இடமிருக்கும்.

கடைசியாக, அந்த மூன்று குறிகளும் விளிம்பு ஆகின்றன. தெரிந்ததற்குக் கூரான விளிம்பு. ஊகத்துக்கு மென்மையான விளிம்பு. தெரியாததற்கு விளிம்பே வேண்டாம்.

நிழலோரம்:

கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடில்லை. விளிம்பை நினைவின் உறுதிக்கேற்ப மாற்றினால், ஒளியின் விதிப்படி வரும் விளிம்பு என்ன ஆகும்? ஜன்னல் சட்டத்தின் நிழல் சுவரிலேயே விழும் இடம் கூராக இருந்தாக வேண்டும். 'அது ஊகம்தான்' என்று மென்மையாக்கினால் மறுபடியும் பழைய மூட்டம். தெரியாத பகுதியை நிழலுக்குள் வைத்தால் போதுமே. இருட்டு மூலையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மறுபடி:

கேட்பார்கள், அதுதான் என் கவலை. இருட்டு என்பது 'இங்கே ஏதோ இருக்கிறது, தெரியவில்லை' என்கிறது. வெறும் தாள் 'இங்கே எதுவும் எஞ்சவில்லை' என்கிறது. இரண்டும் இரு வேறு நினைவுகள். பின்சுவரில் ஏதோ தொங்கியது என்பது உறுதி, என்னவென்று தெரியாது: அதற்கு இருட்டு சரி. அந்த அறைக்குக் கூரை எப்படி இருந்தது என்றே தெரியாது: அதை இருட்டாக்கினால் அது பொய். தரை டோனைக்கூட அங்கே நீட்டாமல் தாளை அப்படியே விட வேண்டும்.

விளிம்பு பற்றி நீங்கள் சொல்வது வெயில் விழும் பகுதிக்குப் பொருந்தும். அங்கே ஒளியின் விதியே மேல். நான் சொல்வது நிழலுக்குள் இருக்கும் பொருளின் விளிம்பை. நிழலுக்குள் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் வரைபவருக்கு நிறைய இடம் உண்டு.

நிழலோரம்:

அப்படிப் பிரித்தால் ஏற்கிறேன். வெயிலில் கணக்கு, நிழலில் நினைவு. நிழலுக்குள்ளும் ஒரு வரம்பு வைப்பேன்: அங்கே வரும் எதிரொளி எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் வெயில் பகுதியின் மிக மங்கிய டோனைவிட ஒரு படி இருட்டாகவே இருக்க வேண்டும். நினைவில் பிடித்தமான பொருள் நிழலில் இருந்தால் அதை வெளிச்சமாக்கக் கை துடிக்கும். அப்படிச் செய்தால் அறையே கலைந்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டாமல், அதன் பின்னால் இருக்கும் இருட்டை ஒரு படி ஆழப்படுத்துங்கள். பொருள் தானாக முன்னுக்கு வரும். பிரெஞ்சு ஓவியர் ஸுராவின் 1880களின் தொடக்கக் காலக் கான்டே (கெட்டியான கறுப்புக் குச்சி) படங்களில் இது எங்கும் இருக்கிறது. உருவத்தின் வெளிச்ச விளிம்புக்கு அருகில் பின்னணி கறுக்கிறது, இருட்டு விளிம்புக்கு அருகில் வெளிறுகிறது. வெளிக்கோடு என்று ஒன்றே கிடையாது. சொரசொரப்பான தாளின் மேடுகளில் மட்டும் கருமை பிடித்து, குழிகள் வெள்ளையாக நிற்பதால் இருட்டுக்குள்ளும் காற்று இருக்கிறது. தேய்க்காமலேயே மங்கலைக் காட்டலாம் என்பதற்கு அவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வெண்தாள்:

தெளிவாகிறது. அப்படியானால் அழித்த தடம்? அதையும் டோனாகக் கணக்கில் எடுக்க வேண்டுமா? நாற்காலி முதலில் ஜன்னலுக்கு அருகே இருந்ததாகவும், பிறகு வலப்பக்கம் வந்ததாகவும் இரண்டு நினைவு இருந்தால் இரண்டையும் ஒரே தாளில் வைக்க முடியுமா?

கரித்தூள்:

வைக்கலாம். கரியோட பெரிய பலமே அதுதான், முழுசா அழியாது.

இதை முறையாவே எடுத்துக்கிட்டுப் போனவர் தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ். 1989லேர்ந்து அவர் செய்யற அசைவுப் படங்கள்ல ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தாள் எடுக்கிறதில்லை. ஒரே கரிப்படத்துல கொஞ்சம் அழிச்சு, கொஞ்சம் மாத்தி, கேமராவுல ஒரு பதிவு எடுத்து, திரும்பத் தாளுக்குப் போய் மறுபடி மாத்துவார். ஒருத்தர் நடந்தா அவர் நடந்து வந்த வழி முழுக்கச் சாம்பல் தடமா நிக்கும். பிரிட்டிஷ் ஓவியர் ஃப்ராங்க் அவர்பாக் 1950களோட பின்பாதியிலேர்ந்து போட்ட பெரிய கரித் தலைகள்ல, ஒவ்வொரு அமர்விலும் அழிச்சு அழிச்சுத் தாளே கிழிஞ்சு, ஒட்டுப் போட்டு மேல வரைஞ்சிருப்பார். அந்த ஒட்டும் முகத்தோட பகுதியாவே இருக்கு.

நிலைப்படத்துக்குச் செய்முறை:

முதல் நாற்காலியை வில்லோவுல, டோன் 5க்கு மேல போகாம போடுங்க. நிழலோட சேர்த்தே போடணும். வெறும் நாற்காலித் தடம் மட்டும் நின்னா பிழை மாதிரித் தெரியும். நிழலும் கூட நின்னா அது ஒரு காலத்துல அங்க இருந்ததுன்னு புரியும். அப்புறம் ஷமாயால ஒரே ஒரு தடவை, நாற்காலி நகர்ந்த திசையிலயே துடைங்க. இப்ப நல்லா மங்கியிருக்கும். அது போதும்னா அங்கயே நிறுத்திடுங்க. இன்னும் மங்கணும்னா நீடட் ரப்பரை ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. ஒவ்வொரு ஒத்தலுக்கும் ரப்பரைப் பிசைஞ்சு புது முகம் எடுக்கணும். கறுத்த முகத்தை மறுபடி வச்சா எடுத்த கரியைத் திரும்பப் பூசறீங்க. கெட்டியான வினைல் ரப்பர் கடைசியில, முழு வெள்ளை வேணும்ங்கிற இடத்துக்கு மட்டும்.

திட்டு ஏன் வருதுன்னா, மூணு வழி. ஒண்ணு விரல் எண்ணெய், சொல்லிட்டேன். ரெண்டு, கடினமான ரப்பரால அழுத்தித் தேய்ச்சு நார் எழும்பியிருக்கும். அந்த இடத்துல அடுத்துப் போடற கரி சுத்தி இருக்கிறதைவிடக் கறுப்பாப் பிடிக்கும். மூணு, இதுக்கு நேர் எதிர்: ஸ்டம்ப் வச்சு மழுங்கத் தேய்ச்சு சொரசொரப்பே செத்திருக்கும், அங்க கரி ஒட்டவே ஒட்டாது. பார்வைக்கு மூணும் ஒரே மாதிரிதான். பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. நார் எழும்பினது பஞ்சு மாதிரித் தெரியும், மழுங்கினது பளபளக்கும். எழும்பின நாரை மேல ஒரு தாள் வச்சு கரண்டியோட முதுகால மெதுவா அழுத்தி ஓரளவு படிய வைக்கலாம். மழுங்கின இடத்துக்கு நுண்ணிய உப்புத்தாளால ரொம்ப இலேசா ரெண்டு தடவை. 160 ஜிஎஸ்எம் தாள்ல இந்த உப்புத்தாள் வேலை வேண்டாம், ஓட்டை விழும்.

வெள்ளைச் சாக்கை வச்சு சரிசெய்யலாம்னு சிலர் சொல்வாங்க. கரியோட சாக் கலந்தா நீலம் பாய்ஞ்ச குளிர்ந்த சாம்பல் வரும், படத்துல தனியா மிதக்கும். வெளிச்சம்னா தாளோட வெள்ளைதான்.

மையிருள்:

தடத்தைக் காப்பாற்ற இடையிலேயே ஃபிக்ஸேட்டிவ், அதாவது கரியைத் தாளில் இருத்தும் தெளிப்பு, அடிக்கலாமா?

கரித்தூள்:

அடிக்கலாம், ஆனா அடிச்ச பிறகு அது நிரந்தரம். பிரெஞ்சு ஓவியர் ரெதோன் தன்னோட கறுப்புப் படங்கள்ல இப்படித்தான், கரி போட்டு, இருத்தி, மேல மறுபடி வேலை செஞ்சார். தடம் சரியான அளவுல நிக்குதுன்னு உறுதியானா, தாளை நிமிர்த்தி வச்சு 30 செ.மீ. தூரத்துலேர்ந்து ஒரு மெல்லிய பூச்சு. கையைத் தாளுக்கு வெளியே ஆரம்பிச்சு வெளியேதான் முடிக்கணும், இல்லன்னா ஓரத்துல சொட்டு விழும். காத்தோட்டமான இடத்துல அடிங்க. நனையற அளவுக்கு அடிச்சா நடு டோன்கள் இருண்டு அமுங்கிடும். வெளிச்சத்துல கரைஞ்சு போற மெல்லிய சாம்பல்தான் முதல்ல இருண்டு காணாமப் போகும். அதனால அதை ஒரு படி வெளிறலாவே விட்டு வைங்க. முடிஞ்ச பிறகு ரெண்டு மூணு மெல்லிய பூச்சு, நடுவுல நல்லாக் காய விட்டு.

சட்டம் போடறப்ப கண்ணாடிதான், அக்ரிலிக் வேண்டாம். அக்ரிலிக்ல நிலைமின்சாரம் ஏறி தூளை இழுத்துக்கும், நீங்க பாத்துப் பாத்து விட்ட தடம் அக்ரிலிக் பக்கம் போயிடும். கண்ணாடி தாளைத் தொடாத மாதிரி மவுன்ட் அட்டை வைங்க. சும்மா அடுக்கி வைக்கிறதா இருந்தா நடுவுல கிளாஸின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), மேல எடை வேண்டாம்.

வெண்தாள்:

வரிசையை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். சொற்பட்டியலும் மூன்று குறியும். தரைப்படம், வெயில் அம்பு. 6 × 8 சிறுபடங்கள் நான்கைந்து, மூன்றே டோனில். பெரிய தாளில் தரை டோன், கூரைப் பகுதியை விட்டுவிட்டு. வெயில் விழும் இடங்களை நீடட் ரப்பரால் எடுப்பது. பிறகு இருட்டு. பழைய நாற்காலி, அழிப்பு, புதிய நாற்காலி. கடைசியில் கம்ப்ரெஸ்ட்.

ஒன்று மட்டும் மிச்சம். கதவில் ஒருவர் நின்றிருந்தார். முகம் 'தெரியாது' பட்டியலில்தான் வருகிறது. உயரம் தெரியும், நின்ற விதம் தெரியும். அவரை எப்படி வைப்பது?

மறுபடி:

வரிசையில் ஒரு மாற்றம். பழைய நாற்காலியை வெயிலை எடுப்பதற்கு முன்பே போட்டு அழித்துவிடுங்கள். வெயில் அதன் தடத்தின் மேல் விழ வேண்டும். இல்லையென்றால் தடம் வெயிலின் மேல் அழுக்காக நிற்கும்.

கதவில் நின்றவரை நிழலோரம் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

நிழலோரம்:

அவரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள். 'ட' அட்டையை இடப்பக்கத்தில் கதவின் வாசற்படி வெட்டுப்படும் வரை உள்ளே தள்ளுங்கள். அவர் படத்தில் இல்லை, அவருடைய நிழல் மட்டும் தரையில் வருகிறது.

30 பாகை வெயில், 160 செ.மீ. உயரம் என்றால் நிழலின் நீளம் ஏறத்தாழ 277 செ.மீ. 200 செ.மீ. உயரக் கதவு தரையில் போடும் வெயில் கட்டம் சுமார் 346 செ.மீ. வரை ஓடும். ஆகவே தலைக்கு அப்பாலும் கொஞ்சம் வெயில் மிஞ்சும். அந்த மிச்சத்தை விடாதீர்கள். அது இல்லையென்றால் தலை இருட்டோடு கலந்து, நிழல் ஆளாகத் தெரியாமல் வெறும் பட்டையாகிவிடும். வாசற்படியில் கால் நிற்கும் புள்ளிகள் தாளுக்கு வெளியே விழும். தாளின் பக்கத்தில் பலகையிலேயே ஒரு துண்டுத் தாளை ஒட்டி அவற்றைக் குறித்து, அங்கிருந்து கோடு இழுங்கள். ஊகத்தில் போட்டால் இரண்டு கால்களின் நிழலும் இணையாக வராது.

விளிம்பு: காலடியில் மிகக் கூர். நிழலின் நீளத்தோடு மெல்ல மெல்ல மங்க வேண்டும். தலையிலிருந்து அதன் நிழலுக்குக் கதிர் போகும் தூரம் 3.2 மீட்டர், ஆகவே தோளுக்கும் தலைக்கும் பக்கவாட்டு விளிம்பில் சுமார் 3 செ.மீ. மங்கல் வரும். கதிர் தரையில் சாய்ந்து விழுவதால் உச்சந்தலையின் விளிம்பில் அது இரட்டிப்பாகி 6 செ.மீ.க்கு நெருங்கும். இதை உங்கள் தாளின் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். தாளுக்குள் வரும் காலடிப் பக்க நிழலைக் கரிக்குச்சியின் கூர்முனையால் ஒரே தடவையில் போடுங்கள். இடுப்புக்கு மேல் குச்சியைப் படுக்கவைத்து இழுங்கள். தலைக்குக் கரியே வேண்டாம். அங்கே தரை டோனை அப்படியே விட்டு, சுற்றியிருக்கும் வெயிலை மட்டும் நீடட் ரப்பரால், விளிம்பில் அழுத்தம் குறைத்து, வெளியிலிருந்து உள்நோக்கி ஒத்தி எடுங்கள்.